கேமுக்குள் நடிப்பது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா எக்செல் கற்றுக்கொள்ளலாம் என்று உட்காருவார். அம்மா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்வார். ஆனால் மவுஸ் மட்டும் வீட்டுப் பையன் கையை விட்டு வராது. பீர்க்கன்கரணையில் எங்கள் மாடி வீட்டிலும் இதே கதைதான். கம்ப்யூட்டரை இணைத்துத் தர என்னைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும், நான் சிறு வயதில் சித்தப்பா வீட்டில் விளையாடிய பழைய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' கேமை அந்த வீட்டுப் பையனுக்குக் காட்டினேன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணா, இவன் நிஜ மனுஷன் மாதிரியே ஓடுறானே. யாரு நடிச்சது?"

கேமில் யாராவது நடிப்பார்களா என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் அவன் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறான் என்று புரிந்தது. அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

தம்பி ஓடினான், இளவரசன் பிறந்தான்

அந்தக் கேமை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர். 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளியானது. அடுத்த ஆண்டு டாஸ் பதிப்பு வந்தது. 60 நிமிடத்திற்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும்.

அந்தக் காலத்துக் கேம்களில் மனித உருவங்கள் பொம்மை போல விறைப்பாக நகரும். மெக்னருக்கு அது பிடிக்கவில்லை. 1985-ல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டிவிட்டு ஓட, தாவ, தொங்கி ஏறச் சொல்லி வீடியோ எடுத்தார். அதைத் திரையில் ஓட்டி, ஒவ்வொரு அசைவிலும் நிறுத்திப் படமெடுத்து, தம்பியின் உருவ ஓரத்தை வரைந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். இந்த முறைக்கு ரோட்டோஸ்கோப்பிங் என்று பெயர். கத்திச் சண்டைக்கு, 1938-ல் வந்த 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்தில் எர்ரோல் பிளின்னும் பாசில் ராத்போனும் மோதும் காட்சியைப் பயன்படுத்திக்கொண்டார்.

ஆக, நாம் ஆரோ கீயை அழுத்தும்போதெல்லாம் ஓடியது அந்தத் தம்பிதான்.

கேம் சினிமாவானபோது

இதே கேம் 2010-ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்ற பெயரில் ஹாலிவுட் படமாக வந்தது. 2003-ல் வந்த இதே பெயருள்ள கேம்தான் இதற்கு அடிப்படை. முதல் திரைக்கதையை எழுதியவரும் மெக்னர்தான். மைக் நியூவெல் இயக்க, மொராக்கோ பாலைவனத்திலும் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவிலும் படமாக்கினார்கள். ஜேக் ஜில்லென்ஹால் நாயகன். சுவரில் ஓடுவது, கூரைக்குக் கூரை தாவுவது போன்ற காட்சிகளுக்கு, பார்க்கோர் என்ற தாவும் கலையின் முன்னோடியான பிரான்ஸ் நாட்டு டேவிட் பெல் ஆலோசகராக இருந்தார். வில்லன் நிஜாமாக வந்தவர், 1982-ல் 'காந்தி'யாக நடித்த பென் கிங்ஸ்லி. அவரது இயற்பெயர் கிருஷ்ணா பான்ஜி.

ஒரு விஷயம் கவனியுங்கள். 2003 கேமில் இளவரசனுக்குக் குரல் கொடுத்தவர் யூரி லோவென்தால். படத்தில் நாயகன் அவரல்ல. கேமில் ஒருவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும், சினிமாவாகும்போது போஸ்டருக்குத் தெரிந்த முகம் கேட்கிறார்கள். பெர்ஷியா என்பது இன்றைய ஈரான். அப்படியிருந்தும் முக்கிய வேடங்களில் ஈரானியர் யாரும் இல்லையே என்ற விமர்சனமும் அப்போது எழுந்தது.

960 கம்ப்யூட்டர்கள் சேர்ந்து உருவாக்கிய நடிகை

நடிகரே வேண்டாம், முகத்தையும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் தன் புகழ்பெற்ற 'பைனல் பேன்டஸி' கேம் வரிசையின் பெயரில் 2001-ல் ஒரு முழுநீளப் படம் எடுத்தது. மனிதர்களை அச்சு அசலாகக் காட்ட முயன்ற முதல் முழுநீளக் கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் அதுதான். நாயகி ஆகி ராஸின் தலையில் மட்டும் சுமார் 60,000 முடிகள். ரெண்டர் செய்ய 960 கம்ப்யூட்டர்கள். ரெண்டர் என்றால், கம்ப்யூட்டர் ஒளி, நிழல், நிறம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு படத்தை முழுமையாக வரைந்து முடிப்பது.

மொத்தம் ஏறக்குறைய 1,42,000 பிரேம்கள். ஒரு பிரேமுக்குச் சராசரியாக 90 நிமிடம். அதே வேகமுள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்கும்? கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பாருங்கள். 24 வருடங்களுக்கு மேல் வரும். அதுவும் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஒரு முறை ரெண்டர் செய்ய மட்டும்!

ஆகி ராஸை ஒரு நிஜ நடிகையைப் போல வேறு படங்களிலும் நடிக்க வைக்கத் திட்டம் இருந்தது. நடக்கவில்லை. சுமார் 13.7 கோடி டாலர் செலவழித்த படம் 8.5 கோடி அளவுக்குத்தான் வசூலித்தது. படத்தை எடுத்த ஸ்கொயர் பிக்சர்ஸ் மூடப்பட்டது. இந்த 'நடிகரே இல்லாத' படத்திலும் ஆகி ராஸின் குரல் மிங்-னா வென் என்ற நடிகையுடையது. உடலசைவு இன்னொரு பெண்ணுடையது. கம்ப்யூட்டர் நடிகை என்று சொன்னாலும் உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

மோஷன் கேப்சர் எப்படி வேலை செய்கிறது?

நடிகர் உடம்போடு ஒட்டிய ஓர் உடையை அணிந்துகொள்வார். தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். சுற்றிலும் பல கேமராக்கள். அவை நடிகரின் முகத்தையோ நிறத்தையோ பார்ப்பதில்லை. உருண்டைகளை மட்டும் புள்ளிகளாகப் பார்க்கும். ஒரே புள்ளியை இரண்டு அல்லது மூன்று கேமராக்கள் வெவ்வேறு கோணத்தில் பார்த்தால், அது அறையில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சாப்ட்வேர் கணக்கிட்டுவிடும். புள்ளிகளை இணைத்தால் ஓர் எலும்புக்கூடு கிடைக்கும். அந்த எலும்புக்கூட்டுக்கு யாருடைய உருவத்தை வேண்டுமானாலும் போர்த்தலாம். ராஜா, அரக்கன், குரங்கு எதுவானாலும் சரி.

முகத்துக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைப்பார்கள். அல்லது ஹெல்மெட்டில் ஒரு குட்டி கேமரா பொருத்துவார்கள். ஆனால் கண்மணியில் புள்ளி ஒட்ட முடியுமா? கண்ணின் ஈரம், இமையின் துடிப்பு, பேசும்போது நாக்கு அசையும் விதம் ஆகியவற்றை அனிமேட்டர்கள்தான் பொறுமையாகச் சேர்க்க வேண்டும். நேரம், பணம் இரண்டில் எது குறைந்தாலும் முதலில் அடி வாங்குவது கண்கள்தான். ஏறக்குறைய மனிதன் போலவே இருக்கும் உருவத்தைப் பார்த்தால் நமக்கு ஏதோ சங்கடமாக இருக்கும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். டாம் அண்ட் ஜெர்ரியில் அந்தச் சங்கடம் இல்லை. பூனை பூனையாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லையே!

கோச்சடையான்

இந்தத் தொழில்நுட்பம் தமிழுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2011-ல் ரஜினிகாந்த் நடிக்க 'ராணா' என்ற சரித்திரப் படம் தொடங்கியது. தொடங்கிய நாளிலேயே அவர் உடல்நலம் பாதிக்கப்பட்டு, பிறகு சிங்கப்பூரில் சிகிச்சை பெற்றார். ராணா நின்றது. அதன் பிறகு சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில், மோஷன் கேப்சரில் 'கோச்சடையான்' உருவானது. கதை, திரைக்கதை கே.எஸ்.ரவிகுமார். இசை ஏ.ஆர்.ரகுமான். ராணாவில் நடிக்க இருந்த தீபிகா படுகோனே இதில் நாயகியானார். சரத்குமார், ஆதி, நாசர், ஜாக்கி ஷெராப், ஷோபனா என்று பெரிய நட்சத்திரப் பட்டியல். 2012-ல் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில் மோஷன் கேப்சர் நடந்தது. ஆம், பெர்ஷிய இளவரசன் நடித்த அதே பைன்வுட்! படம் பலமுறை தள்ளிப்போய் 2014 மே 23-ல் வெளியானது. படத்தையொட்டி மொபைல் கேமும் வந்தது. அங்கே கேம் சினிமாவானது. இங்கே சினிமா கேமானது.

குரோம்பேட்டை தியேட்டரில் தாத்தாவோடு பார்த்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர்கள், "வீடியோ கேம் மாதிரி இருக்குடா" என்றார்கள். குறையாகத்தான் சொன்னார்கள். ரஜினியின் நடையும் வேகமும் இருந்தன. கண்கள்தான் கைவிட்டன. மேலே சொன்ன அதே பிரச்சினை.

நாகேஷ் வந்தார், நடித்தது யார்?

அந்தப் படத்தில் நாகேஷும் வந்தார். 2009 ஜனவரி 31-ல் மறைந்தவர், ஐந்து வருடம் கழித்துத் திரையில் நடந்து வந்தபோது தியேட்டரில் கைதட்டல். என் தாத்தா நாகேஷ் படங்களாகப் பார்த்து வளர்ந்தவர். கைதட்டவில்லை. வெளியே வந்ததும் சொன்னார்: "மூஞ்சி அவருதுதான்பா. ஆனா நாகேஷ் உடம்பாலதானே நடிப்பாரு. அது வேற யாரோ."

தாத்தாவுக்கு மோஷன் கேப்சர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அதன் மையமான விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். முகம் ஒருவருடையது, அசைவு இன்னொருவருடையது, குரல் மற்றொருவருடையது. திரையில் நமக்குத் தெரிவது ஒரே ஒருவர். மற்றவர்கள்?

இந்தக் கேள்வி இன்று பெரிதாகிவிட்டது. 2024 ஜூலையில் அமெரிக்க நடிகர் சங்கம் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. குரலையும் அசைவையும் ஏஐ-க்கு ஊட்டுவதென்றால் எங்களிடம் அனுமதி கேட்க வேண்டும், பணம் தர வேண்டும் என்பது கோரிக்கை. அசைவு மட்டும் கொடுப்பவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா என்பதில்தான் இழுபறி. சுமார் 11 மாதம் கழித்து 2025-ல் உடன்பாடு வந்தது.

நம் ஊரிலும் இது நடக்கிறது. 'மே ஹூன் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், அவரது பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2024-ல் 'லால் சலாம்' படப் பாடல் ஒன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் ஏஐ மூலம் ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார். கேட்டுச் செய்வது ஒன்று, கேட்காமல் எடுத்துக்கொள்வது வேறு.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

மெக்னர் செய்ததை உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்துவிடலாம். செலவு எதுவும் இல்லை.

1. யாரையாவது பக்கவாட்டில் ஓடித் தாவச் சொல்லி மொபைலில் வீடியோ எடுங்கள். போனை அசைக்காதீர்கள். சுவரின் நிறமும் உடையின் நிறமும் வேறாக இருக்கட்டும்.

2. வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, விஎல்சி பிளேயரில் திறந்து பாஸ் செய்யுங்கள். இ கீயை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். மூன்று பிரேமுக்கு ஒரு முறை ஷிப்ட், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தப் படம் பிக்சர்ஸ் போல்டரில் சேவ் ஆகும். ஒரு தாவலுக்குப் பத்துப் படம் போதும்.

3. பென்சில்2டி என்ற இலவச சாப்ட்வேரில் இந்தப் படங்களை வரிசையாக இம்போர்ட் செய்யுங்கள். அதற்கு மேல் புதிய லேயர் ஒன்றைச் சேர்த்து, உருவத்தின் ஓரத்தை மவுஸால் வரையுங்கள். கோடு கோணலாக வந்தால் கவலை வேண்டாம்.

4. கீழே உள்ள போட்டோ லேயரை மறைத்துவிட்டு, வேகத்தை நொடிக்கு 10 பிரேம் என்று வைத்து ப்ளே செய்யுங்கள். கோட்டுருவம் உயிரோடு தாவும்!

மாடி வீட்டுப் பையனும் நானும் இதைத்தான் செய்தோம். மொட்டை மாடியில் அவன் தங்கை தாவினாள். மூன்றாம் வகுப்பு. சரியாக வரும்வரை இருபது முறையாவது தாவியிருப்பாள். முழங்காலில் லேசான சிராய்ப்பு வேறு. மாலையில் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு மாமி எல்லோரையும் கூப்பிட்டுப் பையன் போட்டுக் காட்டினான். கடைசியில் பெரிய எழுத்தில் அவன் பெயர் மட்டும் வந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். தங்கை மட்டும் தட்டவில்லை.

"குதிச்சது நானு. என் பேரு எங்க?"

பையன் என்னைப் பார்த்தான். நான் கீபோர்டை அவன் பக்கம் தள்ளினேன். தன் பெயருக்கு மேலே அவள் பெயரை டைப் செய்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவள் இரண்டு முறை சரிபார்த்தாள்.

இனி நீங்கள் ஒரு கேமை முடிக்கும்போதும், கேமிலிருந்து வந்த படத்தைப் பார்க்கும்போதும் கடைசியில் ஓடும் பெயர்களை உடனே மூடிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். உங்களுக்காகத் தாவியவர் பெயர் அதில்தான் இருக்கும்.