பன்னீர் திராட்சையின் நிறம் வயிற்றுக்குள் என்னவாகிறது?

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை அடிவாரம் நோக்கிப் போனால் வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, செட்டியபட்டி எனத் திராட்சைப் பந்தல்கள் தென்படும். பந்தலில் தொங்குவது பன்னீர் திராட்சை. வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் ரகம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது என்னவோ பக்கத்து மாவட்டத்துக் கம்பம் திராட்சைதான். ரகம் இரண்டு பக்கமும் ஒன்றே. இதை நாம் தின்னும் விதமும் ஒன்றே: பழத்தை அழுத்தி, வழுக்கி வரும் சதையை உறிஞ்சிக்கொண்டு, துவர்க்கும் தோலைத் துப்பிவிடுவோம். நிறம் முழுக்க அந்தத் தோலில்தான் இருக்கிறது.

அந்த நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். ஆடி மாதத்தில் தள்ளுவண்டியில் வரும் நாவல் பழம், ஊதாக் கத்தரிக்காயின் தோல், சங்குப்பூ எல்லாவற்றிலும் இதே குடும்பத்து நிறமிகள்தாம். இவற்றின் வேதியியலைப் பிரித்துக் காட்டிய ஜெர்மானியர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், தாவர நிறமி ஆய்வுக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்றார். நம் குளித்தலையில் 1900-இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி இதே தாவர நிறமித் துறையில் உலகம் மதித்த அறிஞர். அவரைப் பற்றிப் பள்ளிப் பாடங்களில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆந்தோசயனினின் குணம், இருக்கும் இடத்தின் அமிலத்துக்கு ஏற்ப உருமாறுவது. திராட்சைத் தோலைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரை இரண்டு டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். மற்றதில் ஆப்ப சோடா போட்டால் நீலமோ பச்சையோ கலந்து இருண்டு, நேரமாக ஆக மங்கிவிடும். அமில அளவைக் காட்டும் பி.எச். எண் மூன்றுக்குக் கீழே இருந்தால் நிறமி மின்னேற்றம் கொண்ட சிவப்பு வடிவில் உறுதியாக நிற்கும். நான்கு, ஐந்து என்று ஏறும்போது ஒரு நீர் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ள, நிறம் வெளுத்துப்போகும். நடுநிலைக்கு அருகில் ஊதாவும் நீலமும் தோன்றும். ஆனால் அந்த வடிவத்துக்கு ஆயுள் குறைவு. அதையும் தாண்டிக் காரத்தன்மை கூடினால் மூலக்கூறே உடைய ஆரம்பிக்கும். நாவல் பழம் தின்ற நாக்கு நீலம் பாரித்துப்போவதும் இதனால்தான்: எச்சில் ஏறக்குறைய நடுநிலை.

இனி வயிறு. வெறும் வயிற்றின் பி.எச். ஒன்றரை, இரண்டு என்ற அளவில் இருக்கும்; எலுமிச்சைச் சாற்றையே மிஞ்சும் புளிப்பு. வேறு பல பொருள்களைச் சிதைக்கும் அந்த அமிலம் இந்த நிறமிக்கு மட்டும் காவலாக நிற்கிறது. வயிறு என்பது அரைத்து அனுப்பும் இடம், உறிஞ்சும் வேலை குடலுடையது என்றே படித்திருக்கிறோம். ஆந்தோசயனின் அந்த விதிக்குள் அடங்கவில்லை. 2003-இல் இத்தாலியில் எலிகளின் வயிற்றில் திராட்சை நிறமியைச் செலுத்தியபோது, ஆறே நிமிடத்தில் அது ரத்தத்தில் தென்பட்டது. அதே ஆண்டு பிரான்சில் மயக்கமூட்டிய எலிகளின் வயிற்றைக் குடலிலிருந்து தனியே பிரித்துச் சோதித்தார்கள். ஒற்றைச் சர்க்கரை கொண்ட ஆந்தோசயனின்களில் ஏறத்தாழக் கால் பங்கு வயிற்றுச் சுவர் வழியாகவே உள்ளே போயிருந்தது. சர்க்கரைப் பகுதி பெரிதாக இருந்த வகையோ மிகக் கொஞ்சமே போனது. ஆக, அமிலம் மட்டுமல்ல, மூலக்கூறின் உருவமும் கணக்கில் வருகிறது.

சோறோ பிரியாணியோ நிறையச் சாப்பிட்டதும் வயிற்றின் பி.எச். சில மணி நேரத்துக்கு நான்கு, ஐந்து வரைகூட ஏறும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை போட்டாலும் அளவு ஏறவே செய்யும். நிறமி வெளுத்துப்போகும் எல்லை அது. ஆனால் டம்ளரில் கண்டதை அப்படியே வயிற்றுக்குப் பொருத்திவிடக் கூடாது. வெளுத்த வடிவம் அழிந்த வடிவம் அல்ல, அமிலம் கூடினால் சிவப்பு திரும்பி வரும்.

வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனால் பி.எச். ஆறு, ஏழு என்றாகிவிடும். அங்கே நிறமி சிதையத் தொடங்குகிறது. மிஞ்சியது பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையைக் கழற்றி, எஞ்சியதைச் சிறு சிறு அமிலங்களாக உடைக்கின்றன. அந்தத் துண்டுகளும் ரத்தத்தில் சேர்கின்றன. 2013-இல் இங்கிலாந்தில் எட்டு ஆண்களுக்கு, அடையாளக் கார்பன் பொதிந்த ஆந்தோசயனின் 500 மில்லிகிராம் கொடுத்துத் தேடியதில், அந்தக் கார்பனில் ஏறத்தாழ 12 சதவீதம் சிறுநீரிலும் மூச்சுக்காற்றிலும் கிடைத்தது. பெரும்பகுதி உருமாறிய துண்டுகளாகவே இருந்தது. முழு நிறமியை மட்டும் தேடிய பழைய ஆய்வுகளில் ஒன்றிரண்டு சதவீதம்கூடத் தேறாததற்குக் காரணம் இதுதான்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் பீட்ரூட்டை இதோடு குழப்ப வேண்டாம். அதன் சிவப்பு பீட்டலெயின் என்ற வேறு குடும்பம். அதைத் தின்ற சிலருக்குச் சிறுநீர் சிவந்து பயமுறுத்தும். இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும். கூடை நாவல் பழம் தின்றாலும் யாருக்கும் சிறுநீர் ஊதாவாகாது.

'பெர்ரி நிறமி' என்று விலையுயர்ந்த மாத்திரை விற்பவர்கள் சொல்லும் எண், டப்பாவுக்குள் இருக்கும் அளவு. ரத்தத்தில் சேரும் அளவு அல்ல. அதற்குக் காசைக் கொட்டுவதைவிட, மருந்தடித்த தோல் என்பதால் பன்னீர் திராட்சையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, தோலோடு மென்று தின்னுங்கள். நெஞ்செரிச்சலுக்கு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைத் திராட்சைக்காக நிறுத்திவிடாதீர்கள்.