பாதிக்கு மேல் யார் கட்டியது?

2026 ஜூலை 24 நெருங்க நெருங்க ஒரே கேள்விதான் வெவ்வேறு எழுத்தில் வருகிறது: அமெரிக்காவில் வீட்டில் விமானம் கட்டிக்கொள்ளும் அனுமதி ரத்தாகிறதாமே? மகன் டெக்சாஸில் கராஜ் நிறைய பாதி இறக்கையோடு நிற்கிறான், தேதி தாண்டினால் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரும்பு இல்லை ஐயா, அலுமினியம். கடைக்கும் போக வேண்டாம்.

எதுவும் ரத்தாகவில்லை. அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2025 ஜூலையில் 'மொசைக்' என்ற பெயரில் புதிய விதிகளை வெளியிட்டது. விமானிகளைப் பற்றிய பகுதி அந்த அக்டோபர் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜூலை 24-ல் வருவது விமானங்களைப் பற்றிய பகுதி. அதுவும் ஆலையில் முழுதாகச் செய்து விற்கும் 'லைட் ஸ்போர்ட்' விமானங்களுக்கானது. கராஜில் நிற்பது வேறு வகை. இரண்டும் ஒரே ஓடுபாதையில் ஓடுவதால் குழம்பிவிட்டார்கள்.

அந்த வேறு வகையில் ஆகப் பெரிய குடும்பம் ஆர்.வி. விமானங்கள். ஆரிகன் மாநிலத்து ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973-ல் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பாகங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பும். வாங்கியவர் கட்டிக்கொள்ள வேண்டும். ஒற்றை இருக்கை ஆர்.வி.-3-ல் தொடங்கி நாலு பேர் உட்காரும் ஆர்.வி.-10 வரையும் அதற்கு அப்பாலும் போகிறது வரிசை. இப்படிக் கட்டி முடித்துப் பறந்தவை 11,000-க்கு மேல்.

இவற்றுக்கு அனுமதி கிடைப்பது '51 சதவீத விதி'யால் என்று எல்லாரும் சொல்வார்கள். விதியைத் திறந்து பார்த்தால் 51 என்ற எண்ணே அதில் கிடையாது. விமானத்தின் 'பெரும்பகுதி'யை, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் இறங்கியவர்கள் செய்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பெரும்பகுதி என்றால் எதில்? எடையிலா, செலவிலா, மணிக்கணக்கிலா? மூன்றிலும் இல்லை. இங்கேதான் எனக்கு இந்த விதியின் மேல் ஒரு மரியாதையும் ஒரு சந்தேகமும் சேர்ந்தே வருகின்றன.

எஃப்.ஏ.ஏ.விடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இறக்கையின் விலாச் சட்டம் செய்தல், வால் பகுதியைப் பொருத்துதல் என்று வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆலை செய்ததா, கட்டியவர் செய்ததா என்று மதிப்பெண் போடுவார்கள். எஞ்சின், புரொப்பெல்லர், சக்கரம், பிரேக், கருவிகள் ஆகியவை இந்தக் கணக்கிலேயே வராது. கடையில் வாங்கி மாட்டலாம். ஆக, பணத்தில் பெரும்பங்கு வெளியே போய்விட்டது. மிச்சத்திலும், ஒரே மாதிரி விலாச் சட்டங்கள் பல இருந்தால் அத்தனையையும் கட்டுபவரே செய்யத் தேவையில்லை. அந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்தார் என்று காட்டினால் அவர் பக்கம் மதிப்பெண் விழும். நம் வீட்டுப் பொங்கலில் அடுப்பு மூட்டி, பானை வைத்து, பால் பொங்கும் வரை எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டு, அரிசி போடும்போது மட்டும் பாட்டியைக் கூப்பிடுவோமே, அந்த நியாயம். பொங்கல் பாட்டி வைத்ததுதான். யாரும் மறுக்க முடியாது.

இதனால் பெட்டி விற்பவருக்கு ஒரு விசித்திரமான தொழில் நுணுக்கம் தேவைப்படுகிறது: எதைச் செய்வது என்பதைவிட எதைச் செய்யாமல் விடுவது என்பது. முன்பு கட்டுபவர் தகட்டில் அளந்து, குறித்து, துளை போட்டார். பிறகு கணினி இயந்திரம் துளைகளைப் போட்டே அனுப்பியது. ஒரு தகட்டின் துளை அடுத்த தகட்டின் துளையோடு தானாகப் பொருந்தும். 'குயிக் பில்ட்' என்று வாங்கினால் பெரிய பகுதிகள் பாதி கட்டியே வந்து சேரும். இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்குக் கட்டுபவரின் பங்கு மெலியும். அது பாதிக்குக் கீழே போய்விடாமல் வேலையை மிச்சம் வைத்து அனுப்ப வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் கிளாஸ்ஏர் நிறுவனம் ஒரு படி மேலே போய், வாங்கியவரை ஆலைக்கே வரவழைத்து இரண்டே வாரத்தில் ஸ்போர்ட்ஸ்மேன் விமானத்தை ஓடுபாதையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் திட்டம் நடத்தியது. கல்வி என்றால் பதினான்கு நாள் கல்வி. இந்தப் போக்கைக் கட்டுப்படுத்த 2008-ல் எஃப்.ஏ.ஏ., கட்டுபவர் குறைந்தது 20 சதவீதம் பாகம் செய்வதிலும் 20 சதவீதம் பொருத்துவதிலும் காட்ட வேண்டும் என்று ஒரு வரைவு வைத்தது. எதிர்ப்பு கிளம்பியது; அடுத்த வருடம் கைவிட்டார்கள்.

இது வெறும் காகித விளையாட்டாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பெரும்பகுதியைச் செய்தவர் என்று காகிதம் யாரைச் சொல்கிறதோ, அவர்தான் பதிவேட்டில் தயாரிப்பாளர். விமானத்தில் பதிக்கும் சிறு தகட்டில் அவர் பெயர்தான் இருக்கும், வேன்ஸ் பெயர் அல்ல.

அதன் கனம் 2023-ல் தெரிந்தது. கொரோனா காலத்தில் வேன்ஸுக்கு ஆர்டர்கள் குவிய, துளை போடும் இயந்திரம் ஈடுகொடுக்காமல், பல பாகங்களை வெளியே லேசரில் வெட்டி வாங்கினார்கள். லேசர் ஒரு வட்டத்தைத் தொடங்கி முடிக்கும் இடத்தில் நுண்ணிய வடு விழலாம். ரிவெட் தலை மட்டமாக உட்காரத் துளையின் விளிம்பைக் குழியாக அழுத்துவார்கள். டிம்பிள் என்று பெயர். அந்த அழுத்தத்தில் விளிம்பு விரியும்போது வடு இருந்த இடத்தில் விரிசல் விட்டது. நிறுவனம் சோதனைகள் செய்து, பெரும்பாலான பாகங்களைப் பயன்படுத்தலாம், சிலவற்றை மாற்ற வேண்டும் என்றது. பொறியாளர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ரிவெட் அடித்து மூடிவிட்ட இறக்கைக்குள் எந்தத் துளை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியவர் யார்? தகட்டில் பெயர் உள்ளவர். அந்த டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. பழைய விலைக்குப் பணம் கட்டியிருந்தவர்களிடம் கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ளச் சொன்னது. 2024-ல் மீண்டு வந்தது. தயாரிப்பாளர்கள் மட்டும் அவரவர் கராஜிலேயே இருந்தார்கள்.

ஜூலை 24 இதற்குப் பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறக்கிறது. லைட் ஸ்போர்ட் விமானங்களுக்கு இருந்த 600 கிலோ எடை வரம்பு போய், இறக்கையின் பிடி தளரும் ஸ்டால் வேகம் 61 நாட் (knots) அளவுக்குள் இருந்தால் போதும் என்றாகிறது. நாலு இருக்கை வரை வைக்கலாம். யார் கட்டியது என்ற கேள்வியே இல்லை. ஆலையே முழுதாகக் கட்டி விற்கும். தொழில் துறை ஒப்புக்கொண்ட தரத்துக்கு இது பொருந்துகிறது என்று ஆலையே எழுதிக் கொடுக்கும். அந்த வாசலில் வாங்கியவர் 'நானே கட்டினேன்' என்கிறார், இந்த வாசலில் விற்பவர் 'நானே சரிபார்த்தேன்' என்கிறார். எஃப்.ஏ.ஏ. இதைப் பாதுகாப்பு முன்னேற்றம் என்கிறது. விற்பவர் கையெழுத்து வாங்குபவர் கையெழுத்தைவிட மேல் என்ற அளவில் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மீதிக் கேள்விகள்.

பாதியில் நிற்கும் விமானம்? பழைய விதிப்படியே, எத்தனை வருடம் ஆனாலும்.

ஆள் வைத்துக் கட்டலாமா? பெயின்டும் இருக்கை உறையும் தாராளமாக. பட்டியலில் உள்ள வேலைகளுக்குக் கூலி கொடுத்தால் உங்கள் மதிப்பெண் குறையும்.

ஆதாரம்? கட்டும்போதே எழுதிய குறிப்பேடும், நீங்கள் கையில் ரிவெட் கன்னோடு நிற்கும் படங்களும்.

எத்தனை மணி நேரம் பிடிக்கும்? இரண்டு இருக்கை ஆர்.வி.க்கு 1,500 முதல் 2,000 என்பார்கள். மனைவிமார் கணக்கு வேறு.

முடித்ததும் குடும்பத்தோடு பறக்கலாமா? முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பு, குறித்த எல்லைக்குள், பயணி இல்லாமல்.

வருடாந்திரச் சோதனை? கட்டியவர் அதற்கான சான்றிதழ் வாங்கி, அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் தானே செய்யலாம்.

விற்றால்? அந்தச் சான்றிதழ் வாங்கியவருக்குப் போகாது. தகட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும், விமானம் எத்தனை கை மாறினாலும்.