கடிகாரச் சுற்றுகள் எழுப்பும் வானொலி இரைச்சலும் அதனைக் குறைக்கும் முறைகளும்

மத்திய அலை வரிசையில் நிலையம் எதுவும் கேட்காத ஓரிடத்தில் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, அதனருகே மின்னணுக் கணிப்பான் ஒன்றைக் கொண்டுவந்தால், கரகரவென்னும் ஒலி எழுவதைக் கேட்கலாம். பொத்தான்களை அழுத்துந்தோறும் அவ்வொலி மாறும். கணிப்பானை ஒரு முழம் விலக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கணிப்பானில் ஒலிபரப்பும் கருவி ஏதுமில்லை. வானலை வாங்கியும் இல்லை. எனினும் அது ஒரு சிறு வானொலி நிலையமாகவே இயங்குகிறது. பள்ளிகளில் செலவின்றிச் செய்து காட்டத்தக்க இச்சோதனையின் காரணத்தை அறிந்துகொண்டால், பெங்களூர் விஞ்ஞானிகள் எதிர்ப்பட்ட ஒரு பெருஞ்சிக்கலும் எளிதில் விளங்கும்.

எண்களைக் கொண்டு இயங்கும் எக்கருவியிலும் கடிகாரச் சுற்று ஒன்று உண்டு. பெரும்பாலும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வே அதற்கு அடிப்படை. கைக்கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒன்று என்னும் துடிப்புக் கிடைக்கும். கணிப்பொறிகளிலோ துடிப்புகள் விநாடிக்குப் பல கோடியாகும். இத்துடிப்புகள் அலைபோல் மெல்ல ஏறி இறங்குவதில்லை. சுவர்போல் செங்குத்தாக எழுந்து, சிறிது நின்று, செங்குத்தாக விழுகின்றன. தீங்கின் மூலம் இந்தச் செங்குத்தில்தான் இருக்கிறது.

வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் எழுவதை ஆசிரியர்கள் அறிவர். சதுர வடிவத் துடிப்பும் அவ்வாறே. 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் 30, 50, 70 மெகாஹெர்ட்ஸ் என ஒற்றை மடங்குகளிலெல்லாம் அலைகளைப் பிறப்பிக்கிறது. மூன்றாம் மடங்கின் வீச்சு மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவதன் வீச்சு ஐந்தில் ஒரு பங்கு. இவ்விதம் அவை குறைந்துகொண்டே போனாலும் விரைவில் மறைவதில்லை. துடிப்பின் உயர்ந்த பகுதியும் தாழ்ந்த பகுதியும் கால அளவில் சற்றே வேறுபட்டால் இரட்டை மடங்குகளும் வந்து சேரும். (மிருதங்கம் முதலிய இந்திய முழவுகளின் மேற்சுரங்களைப் பற்றி 1920-இல் எழுதியவர் சர் சி. வி. இராமன். மேற்சுரங்கள் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்துக்கே பிற்காலத்தில் தொல்லையாக வந்தது ஒரு விந்தை.)

பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கௌரிபிதனூரில், இராமன் ஆராய்ச்சி நிலையமும் இந்திய வான்பௌதிக நிலையமும் இணைந்து 1976-இல் ஒரு வானொலித் தொலைநோக்கியை அமைத்தன. ஆயிரம் வானலை வாங்கிகள் 'T' வடிவில் நிறுத்தப்பட்ட அக்கருவி 34.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தை நோக்கியது. இத்தகைய கருவியின் அருகே 11.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஒன்று ஓடுவதாகக் கொள்வோம். அதன் மூன்றாம் மடங்கு சரியாக 34.5. கடிகாரம் 6.9 மெகாஹெர்ட்ஸாயின் ஐந்தாம் மடங்கு அங்கே வந்து விழும். ஆகவே, கருவியை வரையும்போதே கடிகாரத்தின் அலைவெண்ணை ஆராய்ந்து தேர்வது முதற்கடமை. இதற்குக் காகிதமும் பென்சிலுமே போதும். எனினும் பலர் இதை மறந்துவிட்டுப் பின்னர் உலோகக் கூட்டுக்குப் பணம் செலவிடுகின்றனர்.

அடுத்தது துடிப்பின் செங்குத்தைத் தணித்தல். ஏறுவதற்குத் துடிப்பு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நானோ விநாடியாயின், மேற்சுரங்கள் ஏறத்தாழ 320 மெகாஹெர்ட்ஸ் வரை வலுவுடன் நீடிக்கும். அதைப் பத்து நானோ விநாடியாக்கினால் 32 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அவை வெகு விரைவாகத் தேயும். கடிகாரத் துடிப்பு புறப்படும் இடத்திலேயே சில பத்து ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால் இது பெருமளவு கைகூடும். வேலைக்கு வேண்டியதைவிட வேகமான சில்லுகளைப் பெருமைக்காகப் பொருத்துவது வீண்.

மின்னோட்டம் சென்று திரும்பும் வழி ஒரு வளையமாகும். அவ்வளையம் வெளிவிடும் புலம் மின்னோட்டத்துக்கும், வளையத்தின் பரப்புக்கும், அலைவெண்ணின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. பரப்பை நான்கில் ஒன்றாகச் சுருக்கினால் புலமும் நான்கில் ஒன்றாகும். சுற்றுப் பலகையின் ஓர் அடுக்கு முழுவதையும் செம்புத் தகடாக விட்டு அதையே திரும்பும் வழியாக்குவதும், ஒவ்வொரு சில்லின் மின்வழங்கு முனைகளை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைப்பதும் இந்நோக்கத்தினாலேயே. மின்தேக்கியைப் பலகையின் மூலையில் வைத்தால் வளையம் பெரிதாகிவிடும். பயன் பெரும்பாலும் கெடும்.

இவற்றுக்குப் பின்னரே உலோகக் கூடு. மூடியின் இடுக்கு எவ்வளவு மெல்லியது என்பதைவிட எவ்வளவு நீளமானது என்பதே முக்கியம். நீண்ட இடுக்கு தானே ஓர் அலை வெளிவிடும் வாயிலாகிவிடும். திருகாணிகளை நெருக்கமாக இடுவது இதனால்தான். கூட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பியும் இரைச்சலை வெளியே சுமந்து செல்லும். வடிகட்டி இன்றேல் கூடு இருந்தும் இல்லாததே.

கடிகாரத்தின் அலைவெண்ணைச் சிறிது முன்னும் பின்னும் அசைத்து இரைச்சலைப் பரப்பிவிடும் முறையும் உண்டு. விற்பனைக் கருவிகள் சோதனையில் தேறுவதற்கு அது உதவும். ஆனால் மொத்த ஆற்றல் குறைவதில்லை. வானத்தை அளப்பவருக்கு அது தீமையே. குறுகிய கோடாக நிற்கும் இரைச்சலை அளவையிலிருந்து நீக்கிவிடலாம். பரவிக் கிடப்பதை வானத்திலிருந்து வருவதினின்றும் பிரித்தறிய இயலாது.

இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை 'சரஸ்' என்னும் கருவி காட்டிற்று. பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்து ஹைட்ரஜனின் குறி 78 மெகாஹெர்ட்ஸ் அருகே தென்பட்டதாக, ஆஸ்திரேலியாவில் அளவை செய்த அமெரிக்கக் குழு ஒன்று 2018-இல் அறிவித்தது. அக்குறியின் ஆழம் அரைக் கெல்வின் அளவு. அதை மூடிக் கிடக்கும் வானத்தின் பின்னணியோ ஆயிரம் கெல்வினுக்கு மேற்பட்டது. இதைச் சோதிக்க முனைந்த இராமன் ஆராய்ச்சி நிலையத்தார், கடிகாரத்தோடு கூடிய எண்முறைக் கருவிகளை வானலை வாங்கியினின்றும் ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிவைத்து, இடையே கண்ணாடி இழையால் இணைத்தனர். இழையில் ஒளி செல்லுமேயன்றி மின்னோட்டம் செல்லாது. ஆதலால் இரைச்சல் திரும்பி ஏறுவதற்கு வழியில்லை. ஒரு மீட்டர் தொலைவு நூறு மீட்டரானால் வந்து சேரும் ஆற்றல் பதினாயிரத்தில் ஒரு பங்காகும்.

2020-இன் தொடக்கத்தில் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நதியின் தேங்கு நீரிலும் சரஸ்-3 மிதக்கவிடப்பட்டது. வாங்கியின் கீழே மண்ணுக்குப் பதிலாக ஒரேசீரான ஊடகம் இருக்கவேண்டும் என்பதற்காகவே நீரைத் தேர்ந்தனர். 55 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்ததில் அந்தக் குறி காணப்படவில்லை. 2022 பிப்ரவரியில் வெளியான முடிவு, முன் அறிவிக்கப்பட்ட வடிவத்தை 95.3 சதவிகித உறுதியுடன் மறுத்தது. கடிகாரத்தின் கசிவு சிறிதேனும் அளவையில் கலந்திருப்பின், உண்டு என்பதையோ இல்லை என்பதையோ அவர்கள் துணிந்து கூறியிருக்க முடியாது.

அடுத்து, 'பிரத்யுஷ்' என்னும் கருவியைச் சந்திரனைச் சுற்றிவரச் செய்து, அதன் மறுபுறத்தில் அளப்பதற்குத் திட்டமிட்டுள்ளனர். அங்கே பூமியின் வானொலி நிலையங்களைச் சந்திரனே மறைத்துவிடும். ஆனால் கடிகாரம் கலத்துக்குள்ளேயே உடன் செல்லும். நூறு மீட்டர் தள்ளிவைக்க அங்கே இடமில்லை.