ஆறாத வாய்ப்புண்

கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண். நோவில்லை. கூரான பல் குத்தியது என்றோ உடம்புச்சூடு என்றோ வீட்டில் சொல்லிக்கொள்வோம். வைத்தியரும் முதலில் விற்றமின் குளிசையும் பூசுமருந்தும் தரலாம். அனேகமான புண்கள் அதிலேயே ஆறிவிடும். ஆனால் வாய்ப்புற்றுநோயும் தொடக்கத்தில் நோவதில்லை. அதனால்தான் காலம் கடந்துபோகிறது.

இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படுவது இப்புற்றுநோயே. வெற்றிலையோடு புகையிலை போடுவோர் மிகக் கவனமாயிருக்க வேண்டும். புகையிலையை விட்டுவிட்டோம் என்று ஆறுதலடையவும் முடியாது. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ மூன்று கிழமைக்கு மேல் மாறாதிருந்தால், முன்பு தந்த மருந்து கேட்கவில்லை என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். வெட்டினால் நோய் பரவும் என்பது வீண்பயம்.

இடம்பெயர்ந்தோருக்கு இன்னொரு சிக்கல். இருப்பிடம் மாறியதும் புதிய வைத்தியர் முதலிலிருந்து தொடங்குவார். மறுபடியும் அதே குளிசை. ஆகவே புண் கண்ட திகதியையும் பாவித்த மருந்தையும் எழுதிய துண்டைக் குடும்ப அட்டையோடு வைத்திருங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து சேர்த்த பணத்தில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை, 2013 முதல் தெல்லிப்பழையில் இயங்குகிறது.