கியர் சைக்கிளிலிருந்து சாதா சைக்கிளுக்கு



சில மாதங்களுக்கு முன்பு பென்னலூரில் நடந்த குழுக் கூட்டத்தில் ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. சைக்கிள் வாங்கக் கடன். கேட்டவர் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் காலை ஷிப்டு வேலை பார்க்கிற உறுப்பினர். "வீட்டுல மகனோட கியர் சைக்கிள் சும்மாதானே நிக்குது, அதையே ஓட்டலாமே" என்று இரண்டு பேர் கேட்டார்கள். "அதைத்தான்க்கா ஆறு மாசமா ஓட்டுறேன். வேலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தொடை ரெண்டும் கல்லாயிடுது. கியரும் அதுவா மாறுது, செயின் கழலுது" என்றார் அவர். ஷேர் ஆட்டோவில் போனால் போக வர 40 ரூபாய். 26 நாளைக்கு 1,040 ரூபாய் போய்விடும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது நமக்குப் பெரிய உதவிதான். ஆனால் பஸ் பெரிய ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கம்பெனி கேட் வரைக்கும் உள்ளே நடக்கிற தூரம்தான் நம்ம பெண்களைச் சோர்வாக்குகிறது. காலை 5.30 மணி இருட்டில் அந்த நடை இன்னும் கஷ்டம்.

கடன் பாஸ் ஆனது. சைக்கிள் வந்தது. கியர் இல்லாத, மெல்லிய டயர் போட்ட லேடீஸ் சைக்கிள். "ஏற்கெனவே ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு என்ன சொல்லித் தரணும்" என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு. நாலாவது நாளே அவர் விழுந்து கை சிராய்த்து, இரண்டு நாள் சம்பளம் போனது. எப்படி விழுந்தார் என்று கீழே சொல்கிறோம். அவருக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறோம்.

இரண்டு சைக்கிளுக்கும் என்ன வித்தியாசம்?

பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிற தடித்த டயர் சைக்கிள், மலைப் பாதையில் ஓட்டுவதற்காக உருவானது. கல், மேடு, சேற்றில் வழுக்காமல் இருக்க டயரில் பட்டன் பட்டனாக ரப்பர். குலுக்கலைத் தாங்க முன்னால் ஷாக் அப்சார்பர். செங்குத்தான ஏற்றத்தில் ஏற 18, 21 என்று கியர்கள். நம்ம ஊரோ ஏரியும் வயலுமாக இருந்த சமதரை. ஏற்றம் என்று பார்த்தால் மேம்பாலம்தான். தார் ரோட்டில் அந்தப் பட்டன் டயர் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு நம் சக்தியைத் தின்கிறது. நின்று மிதித்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கி எழும்பும். அதிலும் கொஞ்சம் பலம் வீணாகிறது.

சாதா சைக்கிளில் முன்னால் ஒரு பல் சக்கரம், பின்னால் ஒரு ஃப்ரீவீல், அவ்வளவுதான். பின்னால் தொங்குகிற கியர் மாற்றி கிடையாது. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அந்தப் பாகம்தான். அது இல்லாததால் பாதி ரிப்பேர் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். 44ஐ 18ஆல் வகுத்தால் சுமார் 2.4. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை சுற்று சுற்றும். 26 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். அப்படியானால் ஒரு மிதிச் சுற்றுக்கு 5 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று நிதானமாக மிதித்தால் 300 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் தூரத்தை 17 நிமிஷத்தில் முடிக்கலாம். நின்று ரோடு கடக்கிற நேரத்தையும் சேர்த்து 25 நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். கியர் சைக்கிளை சின்ன கியரில் (முன்னால் 28, பின்னால் 28) போட்டு ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான். கால் சுத்தும், ஊர் நகராது. நம்ம உறுப்பினருக்கு நடந்ததும் இதுதான். கியர் சின்னதில் மாட்டிக்கொண்டது, அது அவருக்குத் தெரியவில்லை.

ஒத்தை கியர் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் பந்தயத்தில், கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். அதுவரைக்கும் வீரர்கள் மலையையே அது இல்லாமல்தான் ஏறினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிளையும் சேர்த்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்களாம். ஏன் தெரியுமா? நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! எல்லாம் கியர் இல்லாத சைக்கிள்தான். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்குத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவான இலவச சைக்கிளும் அதே வகைதான். பல வீடுகளில் மகள் பிளஸ் ஒன்னில் வாங்கியது திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. புதுசு வாங்குவதற்கு முன் அதை ஒரு முறை கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இப்போது ஓட்டுகிற முறைக்கு வருவோம். கியர் சைக்கிளில் பழகியவர்களுக்குக் கை தானாக கியரைத் தேடும். இங்கே கியர் உங்கள் கால்தான். கிளம்பும்போது முதல் இரண்டு மிதி கனமாக இருக்கும். வலது பெடலைக் கொஞ்சம் மேலே, முன்பக்கமாக வைத்து, உடம்பு எடையைக் கொடுத்து மிதியுங்கள். ஓட்டம் பிடித்துவிட்டால் லேசாகிவிடும். பாலம் வருகிறதா, அதற்கு 50 மீட்டர் முன்பே வேகம் சேருங்கள். பாதி ஏற்றத்தில் எழுந்து நின்று மிதியுங்கள். முடியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். இதில் வெட்கம் என்ன இருக்கு? முட்டியைப் போட்டு முறுக்குவதுதான் கெடுதல்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரும்போது முகத்தில் அறையும். அன்றைக்கு 10 நிமிஷம் முன்னாடியே கிளம்ப வேண்டும், வேறு வழியில்லை.

சீட்டு உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ரொம்பப் பேர் தரையில் இரண்டு பாதமும் முழுசாகப் படுகிற மாதிரி சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். முட்டி வலிக்குப் பாதிக் காரணம் அதுவே. ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்துக்கு ஒரு விரல் அளவு ஏற்றுங்கள்.

இப்போது நம்ம உறுப்பினர் விழுந்த கதை. லாரி ஹாரன் அடித்ததால் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கினார். தடித்த டயர் சைக்கிளில் இது ஒன்றுமே இல்லை. அப்படியே சாய்வாகத் தார் மேல் திரும்ப ஏறப் பார்த்தார். தார் விளிம்பு நாலு விரல் உயரம். மெல்லிய டயர் அந்த விளிம்போடு உரசிக்கொண்டே போனது, ஏறவில்லை. ஹேண்டில் மடங்கிவிட்டது. ஆகவே, மண்ணில் இறங்கிவிட்டால் அங்கேயே வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். சைக்கிளைத் தூக்கி மேலே வைத்துவிட்டு மறுபடி கிளம்புங்கள். ஓட்டிக்கொண்டே ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் விளிம்புக்குக் குறுக்கே, நேராக ஏற வேண்டும். வடிகால் கம்பி மூடி, ஓர மணல், மழையில் நனைந்த வெள்ளைக் கோடு இவையும் மெல்லிய டயருக்கு ஆகாதவை. பள்ளத்தில் சீட்டில் கனமாக உட்கார்ந்துகொண்டு இறங்காதீர்கள். பெடலில் நின்று, முட்டியைத் தளர்த்தி விடுங்கள். இனி ஷாக் அப்சார்பர் உங்கள் முட்டிதான்.

காற்று அடிப்பதும் வேறு. தடித்த டயருக்குக் குறைவான காற்று போதும், மெல்லியதற்குக் கெட்டியாக அடிக்க வேண்டும். எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். காற்று குறைந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் டியூப் நசுங்கிப் பஞ்சர்தான். வாரம் ஒருமுறை அடியுங்கள்.

லாரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம்ம பகுதியில் கண்டெய்னர் வண்டி அதிகம். நீளமான டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன வழியில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். டிரைவருக்கு இடது பக்கம் நாம் நிற்பதும் தெரியாது. கம்பெனி கேட்டிலோ சிக்னலிலோ லாரி நின்றால் அதன் இடது பக்கச் சந்தில் நுழையவே கூடாது. பின்னாலேயே நில்லுங்கள். ஹைவேயில் ஏறாமல் சர்வீஸ் ரோட்டில் போங்கள். எதிர்த்திசையில் வருவது நேரம் மிச்சம் மாதிரி தெரியும். நம்மில் பலர் செய்கிறோம், நாங்களும் செய்திருக்கிறோம். அதை விட்டுவிட வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, பளிச்சென்ற மேல்சட்டை. துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். செயின் கவரும் பின் சக்கரத்துக்கு வலைக் கார்டும் இல்லாமல் சேலையோடு ஓட்ட வேண்டாம். மழையில் ரிம்மைப் பிடிக்கிற பிரேக் முதல் சில சுற்று வழுக்கும். முன்கூட்டியே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள்.

"இருக்கிற கியர் சைக்கிளையே ஒத்தையாக மாற்றலாமா?" என்று சிலர் கேட்டார்கள். மாற்றலாம். ஆனால் பின் சக்கரம் உட்காருகிற வாயைப் பாருங்கள். அது படுக்கை வாட்டத்தில் நீளமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் இழுக்க முடியாது. செயினை இறுக்கத் தனியாக ஒரு சின்னச் சக்கரம் போட வேண்டும், இல்லாவிட்டால் கழன்றுகொண்டே இருக்கும். எங்களைக் கேட்டால், கைச்செலவு குறைவாக ஆக வேண்டுமென்றால் பட்டன் டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான டயர் இரண்டு போட்டு, கியரை ஒரு நடுத்தர நிலையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதுவே பாதி பாரத்தைக் குறைக்கும். சக்கரம் சுற்றும்போதெல்லாம் பெடலும் கூடவே சுற்றுகிற ஒரு வகை சைக்கிளும் உண்டு, அது பந்தய மைதானத்துக்கு உரியது. நமக்கு வேண்டாம்.

கடன் விஷயத்துக்கு வருவோம். "சைக்கிள் வருமானம் தராத பொருள், நுகர்வுக் கடன்தான்" என்று அன்று கூட்டத்தில் வாதம் வந்தது. மாதம் 1,040 ரூபாய் மிச்சமாவதைக் கணக்கில் எழுதினால், கடன் தவணையை அந்தப் பணத்திலேயே கட்டலாம். குழுவின் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை உங்கள் குழுவே தீர்மானிக்கட்டும், ஆனால் கேட்பவரைச் சிரித்து அனுப்பாதீர்கள். கை சிராய்த்த உறுப்பினர் இப்போது தினமும் அதே சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார். ஞாயிறு காலை 6 மணிக்குப் பழக வருகிறவர்களுக்குத் தார் விளிம்பில் எப்படி ஏறுவது என்று அவரே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது பம்பும், பின் சக்கர நட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனரும் எடுத்து வாருங்கள்.