அளந்தெடுத்த இடங்கள்

ஓர் இடத்துக்குச் செல்லாமலே அதன் நீள அகல உயரங்களை அறிந்து, அங்கே ஒரு பொருளை நிறுத்திப் பார்க்கவேண்டிய தேவை முன்னாளிற் கட்டடக் கலைஞருக்கே பெரிதும் இருந்தது. இந்நாளில் அத்தேவை கைத்தொலைபேசிக்குச் செயலி அமைப்போருக்கும் உண்டாகியுள்ளது. கமராவினூடாக ஒரு தெருவை நோக்குங்கால், அங்கே உண்மையில் இல்லாத வழிகாட்டிப் பலகையோ இடிந்துபோன கோபுரமோ அவ்விடத்திலேயே நிற்பதுபோலத் திரையிற் காட்டும் கலையை மிகைமெய்ம்மை என்பர். இலண்டன் தெருவொன்றுக்கெனச் செயலி செய்பவன் வேற்றூரில் இருப்பானாயின் யாது செய்வான்? அத்தெருவின் அளந்தெடுத்த வடிவம் அவனது கணினியில் இருத்தல் வேண்டும். அதனை எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வாறு மதிப்பிடுவது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

தொலைபேசி தானிருக்கும் இடத்தை அறியும் வகையை முதற்கண் நோக்குதல் தகும். செய்மதி வழியாகப் பெறும் இடக்குறிப்பு நகரத் தெருக்களிற் பல மீற்றர் வரை பிழைபடும். திசைகாட்டியோ இரும்பு மலிந்த இடங்களிற் பிறழும். சுவரொன்றில் ஓவியம் பதிக்க விரும்புவோனுக்கு இவை போதா. ஆதலின் கமராவிற் படும் மூலைகள், விளிம்புகள் முதலிய அடையாளப் புள்ளிகளை, முன்னரே எடுத்துவைத்த இடப்படிமத்தோடு ஒப்பிட்டு நிலையைத் துணிவர். கூகிள், நியாந்திக் என்னும் இரு நிறுவனங்களும் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தகைய சேவையைச் செயலி அமைப்போருக்குத் திறந்துவிட்டன. முன்னையது தெருக்காட்சிப் படங்களையும், பின்னையது பயன்படுத்துவோர் எடுத்தனுப்பிய பதிவுகளையும் ஆதாரமாகக் கொண்டது. எனினும் இடத்தைக் கண்டு சொல்லுதல் வேறு; இடத்தின் வடிவத்தையே கையில் தருதல் வேறு. இவ்வேற்றுமையை உணராமையாலேயே தேடுவோர் பலர் வீணே காலங்கழிக்கின்றனர்.

வடிவத்தை எடுக்கும் வழிகள் இரண்டு. இலேசர்க் கதிரைச் செலுத்தி அது பட்டு மீளும் காலத்தைக் கணித்துத் தூரத்தை அறிதல் ஒன்று. ஒளி ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கிலே ஏறக்குறைய 30 சதமமீற்றர் செல்லுமாதலின், அக்கருவியின் கடிகாரம் எத்துணை நுண்ணியதாதல் வேண்டும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களைப் பொருத்தி வடிவத்தைக் கணித்தல் மற்றையது. இஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. செருமனியின் வெற்ஸ்லார் நகரத்துப் பெருந்தேவாலயத்தை 1858ஆம் ஆண்டில் அளந்துகொண்டிருந்த அல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் இளைஞர், உயரத்திலிருந்து தவறி விழப்பார்த்து அரிதின் உயிர்தப்பினார். கட்டடத்தில் ஏறி அளப்பதற்குப் பதிலாக அதன் படத்தை அளந்தாலென்ன என்னும் எண்ணம் அப்பொழுதே அவருக்கு உதித்தது. 1885ஆம் ஆண்டில் இத்துறைக்கெனப் பிரசிய அரசு நிறுவிய நிலையத்துக்கு அவரே தலைவரானார்.

அளந்தெடுத்த வடிவத்தின் அருமையைப் பாரிசு நகரத்து நோத்ர டாம் தேவாலயம் உலகறியக் காட்டிற்று. வாசர் கல்லூரிக் கலைவரலாற்றுப் பேராசிரியர் அன்ட்ரூ டாலன் 2010ஆம் ஆண்டில் அதன் உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட நிலைகளிற் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பதிவுசெய்தார். 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 15ஆம் நாள் கூரையும் கூர்ங்கோபுரமும் எரிந்து வீழ்ந்தபோது அவர் உயிரோடிருக்கவில்லை. முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற புள்ளிகள் சீரமைப்போருக்குத் துணையாயின. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த கணினி விளையாட்டொன்றில் இருந்த தேவாலயத்தைக்கொண்டே மீளக் கட்டலாம் என்றும் அக்காலத்திற் பலர் பேசினர். அது கலைஞர் படங்களைப் பார்த்து வனைந்ததேயன்றி அளந்தெடுத்ததன்று. விளையாட்டின் பொருட்டு மாற்றங்களும் செய்யப்பட்டிருந்தது. கண்ணுக்கு அழகியது யாவும் அளவுக்கு உரியதாகாது. செயலி அமைப்போன் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவே: கையிலிருப்பது அளந்ததா, வனைந்ததா?

அளந்ததேயாயினும் எப்பொழுது அளந்தது என்பதும் கேட்கத்தக்கது. 2024ஆம் ஆண்டு திசம்பரில் மீளத் திறக்கப்பட்ட அத்தேவாலயத்தின் உட்சுவர்கள் தூய்மை செய்யப்பட்டு வெண்மையாய்த் திகழ்கின்றன. பழைய படங்களின் நிறத்தை நம்பிச் செய்த செயலி அங்கே தடுமாறக்கூடும்.

இனித் தேடும் இடங்கள். ஆப்கானித்தானத்துப் பாமியான் புத்தர் சிலைகள் 2001ஆம் ஆண்டிற் தகர்க்கப்பட்டதைக் கண்டு வருந்திய பென் கசிரா என்பார் 2003ஆம் ஆண்டில் சையார்க் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவும் பிறவும் கூடி நடத்தும் திறந்த மரபுரிமைத் தொகுப்பிற் பழங்கட்டடங்களின் புள்ளிமுகில்களைப் பெறலாம். நிலப்பரப்பு வேண்டுமாயின் அரசுகளின் வான்வழி அளவைகள் உண்டு. இங்கிலாந்துச் சுற்றாடல் முகவரகம் 2015ஆம் ஆண்டு முதல் தன்னுடையவற்றை இலவசமாக வழங்குகின்றது. ஆனால் வானூர்தி கூரைகளைக் காணுமேயன்றிக் கடைவாயில்களைக் காணாது. வீட்டு அறைகள் வேண்டுவோருக்கு 2017ஆம் ஆண்டில் வெளியான ஸ்கான்நெற் தொகுப்பில் 1,513 பதிவுகள் உள. இவ்வகைத் தொகுப்புகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கென அளிக்கப்பட்டவை. விற்பனைச் செயலியில் அவற்றைச் சேர்த்தல் உரிமத்துக்கு மாறாகும். பொதுமக்கள் படைப்புகளை ஏற்றிவைக்கும் களஞ்சியங்களில் எல்லாம் கிடைக்கும். ஆயினும் படங்களிலிருந்து கணித்த வடிவம் தன் உண்மை அளவைத் தானாக அறியாது. தெரிந்த ஒரு கதவின் அகலத்தையேனும் ஒப்பிட்டு அளவு திருத்தாவிடின், திரையில் நிறுத்தும் மனிதன் குள்ளனாகவோ அரக்கனாகவோ தோன்றுவான்.

இன்னுமொரு நுட்பம் அனுபவமில்லாதாரை மருட்டுவது. அளவையாளர் தரும் வடிவம் நாட்டின் ஆள்கூற்று முறையில் இருக்கும். இலண்டன் நடுவிடத்தின் கிழக்காள்கூறு ஏறக்குறைய 5,30,000 மீற்றர். கணினி வரைபொறிகள் வழக்கமாகக் கையாளும் ஒற்றைத் துல்லிய எண்ணில் அத்துணைப் பெரிய எண்ணுக்கு அடுத்த எண் 6 சதமமீற்றருக்கு அப்பாலேயே அமையும். அதனாற் சுவர்கள் திரையில் நடுங்கும். அண்மையிலுள்ள ஓரிடத்தை உற்பத்தித் தானமாகக் கொண்டு ஆள்கூறுகளைக் கழித்துவிடின் நடுக்கம் நீங்கும். நூறு கோடிப் புள்ளிகளை அப்படியே தொலைபேசியில் ஏற்றுதலும் இயலாது. சில இலட்சம் முக்கோணங்களாகச் சுருக்குதல் வேண்டும்.

வேண்டிய இடம் எத்தொகுப்பிலும் இல்லையாயின் தாமே அளத்தல் கூடும். 2020ஆம் ஆண்டு முதல் அப்பிள் நிறுவனத்தின் உயர்வகைக் கருவிகள் சிலவற்றில் இலேசர் அளவி உண்டு. அது 5 மீற்றர் அளவிலேயே எட்டும். ஓர் அறைக்குப் போதும், கோபுரத்துக்குப் போதாது. போய் அளக்கவும் இயலாத இடத்துக்குப் பழைய படங்களே புகலிடம். பாமியானின் பெரிய சிலையைச் சூரிச்சு நகரத்து ஆராய்ச்சியாளர் கணினியில் மீள அமைத்தபோது, 1970ஆம் ஆண்டில் ஒசுத்திரிய நாட்டுப் பேராசிரியர் ஒருவர் அளவைக் கமராவால் எடுத்த மூன்று படங்களே அவர்களுக்குச் சிறந்த ஆதாரமாயின. பொறி தானாகக் கணித்த வடிவில் ஆடையின் மடிப்புகள் மழுங்கிப்போயின. அவற்றை ஆராய்ச்சியாளர் படத்திற் கண்ணாற் கண்டு, கையால் ஒவ்வொன்றாகக் குறித்துச் சேர்த்தனர்.