தூரிகையும் தறியும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுங்கால், “கூலிக்கு நெய்வது கலையாகுமா?” என்று நெசவாளர் நம்மைக் கேட்பதுண்டு. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியே இதற்கு விடை.

ஓவியம் விற்று மட்டும் வாழ்வது அரிது எனக் கண்ட அவர், சென்னைக் கலைப்பள்ளி மாணவர்களுடன் சேர்ந்து கைவினையை வருவாய்க்கு வழியாக்கினார். மெழுகிட்டுச் சாயம் தோய்த்த பாத்திக் துணிகள் விலைபோயின. 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. கைவினை வயிற்றைக் காத்தது; ஆகவே, வாங்குவோர் விருப்பத்துக்குத் தூரிகை வளைய வேண்டியதில்லை. அக்கைவினையும் ஓவியரின் கைகளே படைத்ததன்றோ?

உறுப்பினர்களே! உடலையும் கரையையும் பிசகின்றி இணைக்கும் கோர்வையிலும் கண்ணும் கருத்தும் உண்டு. கூலி பெறுவதால் கலை குறையாது; கருத்தின்றி நெய்தாலே குறையும். அக்கருத்துக்கு உரிய கூலியைக் கேட்டுப் பெறுவதே சங்கத்தின் கடமையாகும்.